விடிந்த பிறகும் இறங்காத போதை



ஜவ்வாது மலைக்கு ஏறிவரப் பல பாதைகள் உண்டு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஒன்று, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஒன்று, திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஒன்று. எதில் வந்தாலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. சாமை மூட்டையும் புளியும் ஏற்றுகிற அதே வண்டியில்தான் ஜனங்கள் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் நெருக்கியடித்துப் போகிறார்கள். 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி புதூர்நாடு பக்கம் மலைக்கோயிலுக்குப் போன ஒரு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து 10-க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். அந்த விபத்துக்கு மது காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தெளிந்த மனிதரின் கையே தடுமாறக்கூடிய பாதை இது என்பதை நீங்கள் அறியவேண்டும் என்றே எழுதுகிறோம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது என்றவுடன், கடையிலிருந்து தள்ளாடி வந்து மோட்டார் சைக்கிளை உதைக்கிறவரே நம் கண்முன் வருகிறார். அவரை எவரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். எங்களுக்கு அதிக பயம், காலை ஆறு மணிக்கு முகம் கழுவி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, சுத்தமாக வந்து வண்டியை எடுக்கிறவரைக் குறித்துத்தான். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். 'குவாட்டர்' என்கிற 180 மி.லி. பிராந்தியில் சுமார் 60 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அதை வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தத்தில் ஏறக்குறைய 150 மி.கி. ஏறும், சட்டம் சொல்லும் அளவைப்போல் ஐந்து மடங்கு. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மி.கி.தான் இறக்கும். பழகிய குடிகாரருக்குச் சற்று வேகமாக இறங்கலாம், அவ்வளவே. ஆகவே இரவு பத்து மணிக்குக் குடித்தவர் சட்டத்தின் எல்லைக்கு வந்து சேர விடியற்காலை ஆறு மணி ஆகும். ஐம்பது கிலோகூட இல்லாத மலைவாசிக்கு இன்னும் நேரமாகும். இரண்டு குவாட்டர் என்றால் மறுநாள் மத்தியானமும் தாண்டிவிடும். எலுமிச்சம்பழம், மோர், கடுங்காப்பி, தலையில் குளிர்ந்த தண்ணீர் எல்லாம் தூக்கத்தைக் கலைக்குமேயன்றி, கல்லீரலை ஒரு நிமிஷமும் அவசரப்படுத்தாது.

சட்டம் தன் பங்கைச் செய்யாமலில்லை. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளைக் குறித்த வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே போனது. பாலு என்ற வழக்கறிஞர் தொடுத்த அவ்வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அது பின்னர் 220 மீட்டராயிற்று; 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. நல்லதுதான். ஆனாலும் மலை வளைவு ஒவ்வொன்றிலும் ஊதிப் பார்க்கும் கருவியோடு போலீசார் நிற்க முடியுமா? இங்கே சாவியை வாங்கி வைக்கக்கூடியவர்கள் மனைவியும் வண்டி முதலாளியும் ஊர்ப் பெரியவர்களுமே.

இனி ஆஸ்பத்திரிக்குள் நடப்பதைச் சொல்லுகிறோம். விபத்தில் கால் முறிந்து படுத்தவர் முதல் நாள் அமைதியாயிருப்பார். மறுநாள் கை நடுங்கும், வியர்க்கும்; சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பார். "பேய் பிடிச்சிருச்சு, ஐயா" என்று உறவினர் எங்களைத் தேடி வருவார்கள். நாங்கள் ஜெபிக்கிறோம், அதற்கு முன் நர்ஸைக் கூப்பிடுகிறோம். தினமும் குடித்துப் பழகிய மூளைக்கு மது திடீரென்று நின்றுபோனதால் வந்த கோளாறு அது. கவனியாவிட்டால் மரணமும் நேரிடும். நரம்பை அமர்த்தும் மாத்திரையும், குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்கிற பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிகிறார்கள்.

இதைச் சபையாருக்குச் சொல்லவேண்டிய காரணம் உண்டு. உபவாசக் கூட்டத்தில் ஒருவர் கண்ணீரோடு எழுந்து, இனி தொடமாட்டேன் என்று தீர்மானம் பண்ணுகிறார். சபை ஸ்தோத்திரம் பண்ணுகிறது. அவர் காலையில் எழுந்தவுடன் கை நடுக்கம் நிற்கவே ஒரு மடக்குக் குடிக்கிறவராயிருந்தால், மூன்று நாள் உபவாசமும் திடீர் நிறுத்தமும் சேர்ந்து அவர் உயிருக்கே ஆபத்தாகும். தீர்மானத்தை நாங்கள் மதிக்கிறோம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் அழைத்து வாருங்கள் என்றே கேட்கிறோம். நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் முடிவில் வருகிற குடிகாரர், அடிபட்டதும் உணராமல் கிடந்து, விழித்தவுடன் மறுபடியும் அதையே தேடுகிறார். வைத்தியர் இன்று சொல்லும் அடையாளமும் அதுவே.

குடிகாரருக்குக் காணிக்கைப் பணத்தைச் செலவிடலாமா என்று சில பங்காளர்கள் எழுதிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரியினர், 1989-இல் மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று முகாம் நடத்தத் தொடங்கினார்கள். ஊர் கூடிப் பொறுப்பெடுத்தால் கிராமத்திலேயே குடிநோயைக் குணப்படுத்த வழியுண்டு என்பது அங்கே தெரிந்தது. மருந்து விலை அதிகமில்லை. படுக்கையும், இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருக்கும் ஒரு ஆளும், வீடு திரும்பியபின் மாதந்தோறும் மலையேறிப் போய்ப் பார்க்கும் ஒருவருமே செலவு. திரும்பவும் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் மறுபடியும் இனிப்பைத் தின்றுவிட்டு வந்தால் நாம் கதவைச் சாத்துகிறதில்லை.

பங்காளர்களிடம் ஒரு வேண்டுகோள். கன்வென்ஷனுக்கோ ஆலயப் பிரதிஷ்டைக்கோ வாடகை வேன் பேசும்போது, எத்தனை பேர், எவ்வளவு ரூபாய் என்று கேட்பதோடு நிறுத்தாதேயுங்கள். ஓட்டுநர் நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தார், படுக்குமுன் குடித்தாரா என்பதையும் நேரில் தன்மையாகக் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு ஓட்டுநர் வரும்வரை காத்திருங்கள். ஆரம்பப் பாட்டுக்குப் போய்ச் சேர முடியாவிட்டாலும் பரவாயில்லை.