ரேடியேட்டருக்குள் எண்ணெய்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்பின் ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாய்கள் மட்டுமே உண்டு. தானாகவே கியர் மாறும் கார்கள் பலவற்றிலோ, இரண்டு மெல்லிய உலோகக் குழாய்களும் வந்து சேர்வதைப் பார்க்கலாம். அவற்றில் ஓடுவது கியர் எண்ணெய்.

இக்கார்களில் கிளட்ச் மிதி கிடையாது. எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கடத்துவது எண்ணெயின் ஓட்டம். மேட்டில் மெதுவாக ஏறும்போது ஆற்றலில் ஒரு பங்கு எண்ணெயைக் கலக்குவதிலேயே வெப்பமாகிவிடுகிறது. அவ்வெப்பத்தை ரேடியேட்டர்த் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் கலப்பதில்லை, நடுவே மெல்லிய உலோகச் சுவர் இருக்கிறது.

குழாயைக் கழற்ற வேண்டுமானால் முதலில் வண்டி நன்றாக ஆறட்டும். பிறகு இரண்டு ஸ்பானர்கள் வேண்டும்! ஒன்று குழாயின் நட்டைத் திருப்ப. மற்றொன்று ரேடியேட்டரில் பதிந்த இணைப்பை அசையாமல் பிடிக்க. 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 150 நியூட்டன் விசை கொடுத்தால் முறுக்கம் 30 நியூட்டன்-மீட்டர். இறுகிய நட்டு நகராவிட்டால் இம்முறுக்கம் இணைப்பையே திருகும். உட்சுவரில் விரிசல் விழலாம். பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சில நாளில் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல நிறம் மாறும். அதற்குள் கியர்ப்பெட்டியின் உராய்வுத் தட்டுகள் தண்ணீரில் ஊறத் தொடங்கியிருக்கும்.