பேட்டரிக்குள் ஒரு பீங்கான் பூச்சு: எல்ஜி – எஸ்கே காப்புரிமைச் சண்டையில் நடந்தது என்ன?

தென்கொரியாவின் எல்ஜி கெம், எஸ்கே இன்னோவேஷன் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் 2011-இல் தொடங்கி 2021 வரை விட்டு விட்டு மல்லுக்கட்டின. சண்டையின் தொடக்கம், சில மைக்ரான் கனமே உள்ள ஒரு பூச்சு.

லித்தியம் அயான் பேட்டரியின் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே 'செபரேட்டர்' என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அயனிகள் போய்வர அதில் நுண்துளைகள் உண்டு. பெரும்பாலும் பாலிஎத்திலின் என்பதால், 130 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால் உருகிச் சுருங்கும். அப்புறம் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட வேண்டியதுதான் பாக்கி, தீப்பிடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் பீங்கான் பூச்சு. அலுமினா போன்ற துகள்களையும், அவற்றை ஒட்டவைக்கும் பாலிமர் பசையையும் அசிட்டோன் மாதிரியான கரைப்பானில் கலந்து 'ஸ்லரி' எனப்படும் குழம்பு தயாரிக்கிறார்கள். அதைத் தாளில் பூசி உலர்த்தினால், துகள்களுக்கு நடுவே இடைவெளிகள் மிஞ்சும். அயனிகளுக்கு அதுதான் வழி. பசை கூடினால் வழி அடைபடும், குறைந்தால் துகள் உதிரும். பக்குவம் முழுக்க இங்கேதான். எல்ஜி காப்புரிமை கேட்டதும் இந்தத் துளை அமைப்புக்குத்தான்.

எஸ்கே தன் காப்புரிமையை மீறிவிட்டதாக 2011 டிசம்பரில் எல்ஜி வழக்குப் போட்டது. 'இதுல என்ன புதுசு?' என்பதே எஸ்கேயின் பதில். சட்டத்தில் இதற்கு 'ப்ரையர் ஆர்ட்' என்று பெயர், அதாவது விண்ணப்பத்துக்கு முன்பே வெளியுலகுக்குத் தெரிந்த தொழில்நுட்பம். அது கடைக்கு வந்த பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த நாட்டு ஆவணமும், எந்த மொழிக் கட்டுரையும் போதும். கோரப்பட்ட எல்லா அம்சமும் பழைய ஆவணம் ஒன்றிலேயே இருந்தால் புதுமை போச்சு. இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தால் அத்துறை அறிந்தவருக்குச் சுலபமாகத் தோன்றக்கூடியது என்றாலும் காப்புரிமை நிற்காது.

2012-இல் கொரியக் காப்புரிமைத் தீர்ப்பாயம் எல்ஜியின் காப்புரிமை செல்லாது என்றது. துளை அமைப்பு பற்றிய கோரிக்கை மிகவும் அகலமாக இருக்கிறது, அதில் ஒரு பகுதி முன்பே இருந்த செபரேட்டர்களோடு ஒத்துப்போகிறது என்பது காரணம். நம் மனைக்கு வேலி போடும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து வளைத்தது மாதிரி. அடுத்த ஆண்டு காப்புரிமை நீதிமன்றமும் எஸ்கே பக்கமே நின்றது.

சரி, வேலியை உள்ளே தள்ளிப் போட்டால்? எல்ஜி அதையும் செய்தது, கோரிக்கையைத் திருத்திச் சுருக்கியது. சிக்கல் அங்கேதான். வேலி சுருங்கினால் எதிராளி வெளியே போய்விடுவார். எஸ்கேயின் பூச்சு வேறு விதமானது, மீறல் இல்லை என்று 2014 பிப்ரவரியில் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபரில் சமரசம்: இந்தக் காப்புரிமை தொடர்பாக 10 ஆண்டுகளுக்கு வழக்கில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. பீங்கான் அடுக்கு கொண்ட செபரேட்டருக்கு 2000-இலேயே விண்ணப்பித்து 2002-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய செல்கார்ட் நிறுவனம், 2014 ஜனவரியில் எல்ஜி மீதே வழக்குப் போட்டது.

2019-இல் களம் அமெரிக்காவுக்கு மாறியது. செபரேட்டர் காப்புரிமைகளோடு எல்ஜி அந்நாட்டின் சர்வதேச வர்த்தக ஆணையத்தை நாடியது. 2021 மார்ச் 31-இல் வந்த முதற்கட்டத் தீர்ப்பு கிட்டத்தட்ட பழைய கதைதான். முக்கியமான 517 காப்புரிமை செல்லும், ஆனால் எஸ்கே அதை மீறவில்லை. மற்றவற்றிலும் மீறல் இல்லை, சிலவற்றின் செல்லுபடியும் ஏற்கப்படவில்லை.

அப்படியானால் அடுத்த மாதமே எஸ்கே 2 லட்சம் கோடி வொன் தர ஒப்புக்கொண்டது எதற்கு? அது தனிக் கதை. வணிக ரகசியத் திருட்டு வழக்கில் அதே ஆணையம் 2021 பிப்ரவரியில் எஸ்கேயின் பேட்டரி இறக்குமதிக்கு 10 ஆண்டுத் தடை விதித்திருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் எஸ்கே கட்டிவந்த பேட்டரி ஆலையே கேள்விக்குறியானது. ஏப்ரல் 11 சமரசத்தில் எல்லா வழக்குகளும் கைவிடப்பட்டன. இன்னும் 10 ஆண்டுகளுக்கு வழக்கில்லை என்று மறுபடியும் கையெழுத்தானது.