கோரைத் தொடும் முன்

கன்னிவாடிப் பக்கம் பழைய வீட்டைப் பிரித்தால் பரணிலிருந்து ஒரு வால்வு ரேடியோ இறங்கலாம். மர்ஃபியோ பிலிப்ஸோ புஷ்ஷோ, ஒரு காலத்தில் பெரும்பாலும் அது இலங்கை வானொலிக்காகவே முறுக்கப்பட்ட பெட்டியாக இருக்கும். 1952-ல் பி.வி.கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை கொழும்புக்குப் போட்டியே இல்லை. அங்கிருந்து வந்த அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ்.ராஜா ஆகியோரின் குரல்களெல்லாம் தமிழ்நாட்டு வீட்டுக் குரல்களாகவே ஆகிவிட்டன.

கன்னிவாடிக்குத் தெற்கே ஆடலூர், பன்றிமலை என்று மலை மறித்து நிற்கிறது. கொழும்பு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனாலும் சிற்றலைக்கு மலை ஒரு தடையில்லை. வானில் அயனி மண்டலத்தில் பட்டு, ஏறக்குறைய தலைக்கு மேலிருந்தே அது இறங்குகிறது.

பெட்டி கிடைத்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி செட் என்றால் சேசிஸிலேயே மின்சாரம் இருக்கும், கை வைக்கக் கூடாது. அடுத்து மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்கள். அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் கண்டன்சர் கசிந்தால் வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

ஸ்டேஷன் இடம் மாறி வருகிறதென்று பலர் நேராக ஐஎஃப்டி (இடைநிலை அதிர்வெண் டிரான்ஸ்ஃபார்மர்) கோரைத் திருகுகிறார்கள். எத்தனையோ நல்ல பெட்டிகளைக் கொன்றது இந்த அவசரம்தான். கம்பெனியில் மெழுகிட்டு அடைத்த கோர் தானாக நகர்வது அபூர்வம். கண்டன்சரும் ரெசிஸ்டரும்தான் வயதில் மாறுகின்றன. அவற்றைச் சரிசெய்து, செட்டை அரைமணி நேரம் சூடாக விட்ட பிறகே அலைன்மென்ட்.

ஐஎஃப், அதாவது இடைநிலை அதிர்வெண், பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். சில செட்டுகளில் 452 அல்லது 470. சர்க்யூட் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சிக்னல் ஜெனரேட்டரைக் கேட்கும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். கூட்டினால் ஏவிசி என்ற தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு குறுக்கிட்டு உச்சத்தை மறைத்துவிடும். உலோக ஸ்க்ரூடிரைவர் ஃபெரைட் கோரை உடைக்கும். உடையாவிட்டாலும், இரும்பு உள்ளே இருக்கும்போது கிடைத்த உச்சம் வெளியே எடுத்ததும் நழுவிவிடும். மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவிக்கொண்டால் போதும். கால் சுற்றுக்கே சத்தம் எழுவது காதில் தெரியும்.

பிறகு ஆஸிலேட்டர். டயலின் தாழ்ந்த முனையில் காயில் கோர், உயர்ந்த முனையில் ட்ரிம்மர். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் நகரும், ஆகவே மாறி மாறிப் பார்க்க வேண்டும். சிற்றலையில் ஒரு பொறி உண்டு. 455 ஐஎஃப் செட்டில் 11.9 மெகாஹெர்ட்ஸ் சிக்னல், டயலில் 10.99-லும் மெலிதாகக் கேட்கும். இது நிழல். ட்ரிம்மரைத் தவறான உச்சத்தில் நிறுத்திவிட்டால் நிழல் 11.9-க்கு மேலே போய்விடும். கீழே இருந்தால்தான் சரி. கடைசியில் ஏரியல் ட்ரிம்மர்.

பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ல் முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் நிலையங்களைத் தேட இரவுதான் நேரம். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்தால் பாதி இரைச்சல் போய்விடும். ஸ்டேஷன் அதனதன் இடத்தில் வந்த பிறகு கோர்களில் ஒரு சொட்டு மெழுகு விட்டு, எந்தெந்தக் கண்டன்சரை மாற்றினீர்கள், ஐஎஃப் எவ்வளவு, என்ன தேதி என்று எழுதிப் பின்பலகையின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து திறப்பவர் கோரைத் தொடமாட்டார்.