கட்டுப் பிரிக்கும் பொழுது

தீப்புண்ணோடு ஒட்டிக் காய்ந்த வலைத்துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஊறவைத்து, அதன் ஓரத்தை இடுக்கியால் பற்றி மெல்லத் தூக்குகிறார் செவிலியர். அடியில் இருப்பது மேற்றோல் கழன்று நரம்பு நுனிகள் திறந்து கிடக்கும் உள்தோல். தோல் முழு ஆழமும் வெந்துபோன இடத்தில் நரம்புகளும் அழிந்துவிடுவதால் உணர்ச்சி மழுங்கியிருக்கும். அத்தனை ஆழம் போகாத புண்ணே உயிரை வாட்டும். செத்த திசுவை அகற்றி, கழுவி, மருந்திட்டு, மீண்டும் கட்ட வேண்டும். நாளையும் இதே வேளையில் இதே பணி.

மார்ஃபின் போன்ற வலியடக்கிகள் இங்கே இன்றியமையாதன. ஆயினும் படுத்திருக்கையில் உள்ள வலியைத் தணிக்கும் அளவு, கட்டுப் பிரிக்கையில் சட்டென்று எழும் வலிக்குப் போதாது. அதற்கு ஈடாக மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சு தளரும். அச்சத்தின் பங்கும் பெரிது. மருந்துவண்டியின் உருளை ஒலி கேட்டதுமே தோள்கள் இறுகிவிடுகின்றன. இடுக்கி தொடுமுன்பே வலி தொடங்கிவிடுகிறது.

வலி புண்ணிலிருந்து மூளைக்கு நேரே ஓடும் வெறுஞ்செய்தி அன்று என்பதை 1965-ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எடுத்துரைத்தனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. அதைத் திறக்கவும் அடைக்கவும் மூளையாலும் இயலும் என்பது அவர்கள் கொள்கை. அதன் நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. நடுமூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புவழிகள், உடல் தானே சுரக்கும் அபின் ஒத்த பொருள்களின் துணையால் வலிச் செய்தியை அடக்குவது இன்று தெளிவு. கவனமும் அச்சமும் அவ்வழிகளை மாற்றவல்லவை. இசை நுழைவது இங்கேதான்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மெட்ரோஹெல்த் மருத்துவமனையின் தீப்புண் பிரிவினர் இதனை முறையாக ஆய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். நோயாளிகள் 29 பேர். ஒவ்வொருவருக்கும் ஒருநாள் இசையோடும் மற்றொரு நாள் இசையின்றியும் கட்டு மாற்றப்பட்டது. எனவே ஒருவரின் வலி அவருடைய வலியோடேயே ஒப்பிடப்பட்டது. கட்டுப் பிரிக்குமுன் மெல்லிசையும் சீரான மூச்சும் துணையாக, தமக்கு இனிய ஓர் இடத்தை நோயாளி உள்ளத்தில் காண்கிறார். பிரிக்கும்போது முறை மாறுகிறது. அவருக்குப் பிடித்த பாட்டைக் கூடப் பாடுவதும், கருவியைத் தட்டுவதும், சொற்களை இட்டு நிரப்புவதுமாக அவர் வேலை செய்கிறார். முடிந்தபின் மீண்டும் அமைதியான இசை. வலி, பதற்றம், தசை இறுக்கம் மூன்றும் குறைந்தன.

ஆய்வு சிறியதே. இசை ஒலிப்பதை நோயாளியிடம் மறைக்க இயலாது என்பதால், எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்தறிவதும் கடினம். இருப்பினும் என் உள்ளம் பற்றுவது, கட்டுப் பிரிக்கையில் நோயாளியே பாடும் அந்த நடுப்பகுதியை. மருத்துவமனையில் தீப்புண் பட்டவர் எதையும் தாமே செய்வதில்லை. எல்லாம் அவருக்குச் செய்யப்படுகின்றன. இங்கோ பாட்டைத் தேர்வதும் தாளத்தை விரைவாக்குவதும் அவர் கையில். மேசைமேல் ஓர் ஒலிப்பெட்டியை வைத்து ஏதோ ஓர் இசைத்தட்டை ஓடவிட்டால் இது வாய்க்காது. மருந்தின் அளவைக் குறைக்க இதனைச் சாக்காக்குவதும் தகாது. மருந்தோடு சேர்ந்தே இசை அறைக்குள் வரவேண்டும்.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் தாம் மீட்டும் கிட்டாரைப் பார்ப்பதில்லை. நோயாளியின் மார்பைப் பார்க்கிறார். மூச்சு விரைந்தால் மீட்டலும் அதே விரைவில் சேர்ந்துகொள்கிறது. பின்னர்ச் சிறிது சிறிதாகத் தாளம் இளக, மூச்சும் அதன்பின் இறங்கிவருகிறது. அதற்குள் செவிலியர் அடுத்த துணியின் ஓரத்தை நனைத்துவிட்டிருக்கிறார்.