கட்டடங்களுக்குள் மீயகலப்பட்டை வானொலி அலைகளின் பரவலை அளவிடுதல்

முன்னுரை

கட்டடத்தினுள் செலுத்தப்படும் வானொலி அலை ஒரே வழியில் ஏற்பியை அடைவதில்லை. சுவர், தரை, கூரை, இரும்பு அலமாரி ஆகியவற்றில் எதிரொளிக்கப்பட்டு, பல வழிகளில் வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்கிறது. இது பல்வழிப் பரவல் எனப்படும். அலையின் பயண நேரத்தைக் கொண்டு ஒரு பொருளின் இருப்பிடத்தைக் கணக்கிட, இவ்வழிகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. அதற்கு மீயகலப்பட்டை அளவீடு எவ்வளவு துணைபுரிகிறது, எங்கே போதாமற் போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டை அகலமும் பிரிதிறனும்

குறைந்தது 500 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமோ, மைய அதிர்வெண்ணில் குறைந்தது 20 விழுக்காடு அகலமோ உடைய குறிகை மீயகலப்பட்டைக் குறிகை எனப்படும். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2002ஆம் ஆண்டில் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை இதனை உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்தது.

நேரப் பிரிதிறன், ஏறத்தாழப் பட்டை அகலத்தின் தலைகீழாகும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்திற்கு அது 50 நானோநொடி. ஒரு நானோநொடியில் அலை 30 செ.மீ. செல்வதால், 15 மீட்டருக்குட்பட்ட பாதை வேறுபாடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். 7.5 கிகாஹெர்ட்ஸ் அகலத்திலோ 4 செ.மீ. வேறுபாடும் தனித்துத் தெரியும்.

அளவிடும் முறைகள்

நேரவெளி முறையில் குறுந்துடிப்புகள் செலுத்தப்பட்டு, ஏற்கப்படும் அலைவடிவம் அலைக்காட்டியில் பதிவாகிறது. அதிர்வெண்வெளி முறையில் வலையமைப்புப் பகுப்பாய்வி ஒவ்வோர் அதிர்வெண்ணாகச் செலுத்தித் துலங்கலின் வீச்சையும் கட்டத்தையும் அளக்கிறது; தலைகீழ் ஃபூரியர் உருமாற்றம் அதனை நேரத் துலங்கலாக மாற்றுகிறது. அதிர்வெண் படி 5 மெகாஹெர்ட்ஸ் எனில், 200 நானோநொடிக்குள், அதாவது 60 மீட்டர் பாதைக்குள் வரும் அலைகளே சரியான இடத்தில் தோன்றும்; அதற்குப் பிந்தியவை முந்தியவை போலப் பொய்யாகத் தோன்றும். அளவீடு முடியும்வரை அறையில் எவரும் நடமாடக் கூடாது. வடங்களின் விளைவை அளவுத்திருத்தம் நீக்கினாலும், ஆன்டெனாக்களின் விளைவு எஞ்சியிருக்கும்.

ஒரே புள்ளியில் எடுத்த அளவீடு ஓர் அறையின் இயல்பைக் காட்டாது. எனவே, 1990களின் பிற்பகுதியில் மோ வின், ராபர்ட் ஷோல்ட்ஸ் ஆகியோர் அலுவலகக் கட்டடமொன்றில் நிகழ்த்திய ஆய்வில், அறைதோறும் 7×7 கட்டத்தில் 49 புள்ளிகளில் அளவீடுகள் எடுக்கப்பட்டன.

முதல் அலையும் வலிய அலையும்

எதிரொளித்த அலைகள் கொத்துக் கொத்தாக வருவதை 1987இல் வெளியான சலே–வலென்சுவேலா மாதிரி விளக்கியது. நேர்வழியைச் சுவர் மறைக்கும்போது, முதலில் வரும் அலை நலிந்தும், பின்னர் வரும் எதிரொளிப்பு வலிமையுற்றும் இருக்கலாம். வலிய அலையையே நேர் அலையெனக் கொண்டால் தொலைவு மிகையாகக் கணக்கிடப்படும்.

முதல் அலையைச் சரியாகக் கண்டறிந்தாலும் ஒரு பிழை எஞ்சும். சுவரினுள் அலையின் வேகம் குறைகிறது. ஒப்புமை விடுதிறன் 4 உடைய பொருளில் வேகம் பாதியாகும். அத்தகைய 20 செ.மீ. சுவரைச் செங்குத்தாகக் கடக்கும் அலை, தொலைவை 20 செ.மீ. கூட்டிக் காட்டும்.

முடிவுரை

பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு. 4 செ.மீ. வேறுபாட்டைப் பிரித்துக்காட்டும் கருவியும் ஒரு சுவரால் 20 செ.மீ. பிழைபடக்கூடும். பட்டையை மேலும் அகலமாக்குவதால் இப்பிழை நீங்காது; சுவரின் தடிமனையும் பொருளியல்பையும் அளந்து திருத்தினாலே நீங்கும். ஆகவே, அலைகளோடு கட்டடத்தையும் அளந்து பதிவுசெய்யும் ஆய்வே இருப்பிடக் கணிப்பிற்கு முழுமையாகப் பயன்படும்.