தீனி இருந்தும் ஆடு தின்னவில்லையா?

தொட்டி நிறைய வேலிமசால் கிடக்கிறது. மற்ற ஆடுகள் முண்டியடித்துத் தின்கின்றன. ஒரு ஆடு மட்டும் இரண்டு வாய் கடித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. காய்ச்சல் இல்லை, அசை போடுகிறது. ஆனால் மாதத்துக்கு மாதம் எடை இறங்குகிறது. தழை பிடிக்கவில்லை போலும் என்று நீங்கள் தீவனத்தை மாற்றிப் பார்ப்பீர்கள். கோளாறு தழையில் இல்லாமல் ஆட்டின் குடலுக்குள் இருக்கலாம்.

வயிறு நிரம்பினால்தான் பசி அடங்கும் என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. இரைப்பையும் குடலும் சில ஹார்மோன்களைச் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பசியைத் தூண்டுவது கிரெலின். ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் எலியின் இரைப்பையில் இதைக் கண்டறிந்தனர். தீனி வேளை நெருங்கும்போது ஆட்டின் ரத்தத்தில் இது உயரும், தின்றதும் இறங்கும். தினமும் ஒரே நேரத்தில் தீவனம் வையுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கோழி இதில் நேர்மாறு. குஞ்சுகளுக்கு கிரெலின் செலுத்தினால் தீவனம் எடுப்பது குறைகிறது!

'போதும்' என்று சொல்வது கோலிசிஸ்டோகைனின், சுருக்கமாக சி.சி.கே. கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்ததும் சுரக்கும். பித்தப்பையைச் சுருங்கச் செய்வதும் இதுவே. பால் கூடட்டும் என்று கறவை மாட்டுக்கு எண்ணெயைக் கணக்கில்லாமல் சேர்த்தால் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்வதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இனி அந்த மெலிந்த ஆட்டுக்கு வருவோம். டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் என்ற குடற்புழு தாக்கிய செம்மறிகளை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தனர். 1981-ல் வெளியான முடிவின்படி, அவை தீவனம் எடுப்பது குறைந்தபோது ரத்தத்தில் சி.சி.கே. அளவு உயர்ந்திருந்தது. அதாவது, புழு குடலைப் புண்ணாக்கிச் சத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. அரை வயிற்றிலேயே 'போதும்' என்ற செய்தியும் மூளைக்குப் போய்விடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு தொட்டியிலேயே கிடக்கிறது.

இந்தப் புழு முடி போல மெல்லியது. ஒரு சென்டிமீட்டர்கூட நீளம் இருக்காது. புழுக்கையில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். புதிதாக விழுந்த புழுக்கையைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, அன்றே கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

மருந்து கொடுக்கும்போது கண் மதிப்பு வேண்டாம். ஆட்டை எடை போட்டு அதற்கேற்ற அளவு கொடுங்கள். பெரிய ஆட்டுக்கும் குட்டிக்கும் ஒரே மூடி அளவு ஊற்றுவது பல பட்டிகளில் வழக்கமாகிவிட்டது. குறைந்த அளவு மருந்தில் தப்பும் புழுக்களின் வாரிசுகளுக்கு அந்த மருந்தே பலிக்காமல் போகும். சினையின் தொடக்கத்தில் அல்பென்டசோல் கொடுக்கக் கூடாது. சினை ஆடு என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புழு நீங்கி, தீனி எடுக்கத் தொடங்கிய ஆட்டுக்குப் புரதம் தேவை. கடலைப் பிண்ணாக்கு, அகத்தி, சூபாபுல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் புழுக்கையைப் பரிசோதியுங்கள். முட்டை எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலை செய்யவில்லை. அளவைக் கூட்டாமல், வேறு வகை மருந்து கேளுங்கள்.