ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர்!

ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எம்.ஆர்.பி.னு போட்டு ஒரு விலை இருக்கும். அதுக்கு மேல ஒரு ரூபாய் கேட்டாலும் கடைக்காரரோட தாராளமா சண்டை போடலாம். சட்டம் உங்க பக்கம்!

அமெரிக்காவில் புது கார் கண்ணாடியிலும் இதே மாதிரி ஒரு விலை ஒட்டியிருக்கும். அதுக்குப் பேர் எம்.எஸ்.ஆர்.பி. பார்க்க ஒரே ஒரு 'எஸ்'தான் கூடுதல். ஆனா அந்த 'எஸ்' பண்ற வேலை இருக்கே... அதுக்கு அர்த்தம் 'சஜஸ்டட்'. அதாவது, "இந்த விலைக்கு வித்தா நல்லா இருக்கும்ப்பா"ன்னு கம்பெனி டீலருக்குச் சொல்ற ஒரு யோசனை. டீலர் கேட்டா கேட்கலாம், கேட்காட்டி விட்டுடலாம்.

அந்த ஸ்டிக்கருக்கு ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் கார் விலையைக் கண்ணாடியில் ஒட்டியே ஆகணும்னு 1958-ல் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் ஒக்லஹோமா மாநில செனட்டர் மைக் மன்ரோனி. இன்னைக்கும் அதை 'மன்ரோனி ஸ்டிக்கர்'னுதான் சொல்றாங்க. ஜனங்க ஏமாறக் கூடாதுன்னு ஒட்டின ஸ்டிக்கர். ஆனா, டிமாண்ட் எகிறுற கார் வந்துட்டா அதுக்குப் பக்கத்திலேயே டீலர் தன் பங்குக்கு இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிடுவார். 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்'னு ஒரு வரி, பக்கத்தில் 10 ஆயிரம் டாலர், 20 ஆயிரம் டாலர்னு ஒரு எண். அதுக்காக எக்ஸ்ட்ரா டயர்கூடத் தர மாட்டார். சும்மா, அவ்வளவுதான்!

இந்த ரெண்டாவது ஸ்டிக்கர் அதிகமா ஒட்டப்பட்டது எந்த கார் மேலன்னு பார்த்தா, மஸில் கார்கள் மேல. அதுவும் பழைய முகத்தோடு புதுசா வந்த மஸில் கார்கள். ஏன் அப்படி? மேட்டரே அங்கதான் இருக்கு.

அப்பா காலத்து ஹீரோ

1964 ஏப்ரல் 17. நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகம். ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே 22 ஆயிரம் ஆர்டர்! ஒரே வருஷத்தில் 4 லட்சத்தைத் தாண்டிய விற்பனை. வாங்கினதில் பெரும்பங்கு இளவட்டங்கள். பின்னாலேயே செவர்லே கமேரோ வந்தது. 1970 மாடலா டாட்ஜ் சாலஞ்சர் வந்தது. நீளமான மூக்கு, குட்டையான பின்பக்கம், உள்ளே பெரிய வி8 இன்ஜின். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டினது மஸ்டாங்தான்.

அப்புறம் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் இந்த கார்களைக் கண்டாலே பிரீமியத்தை ஏத்தினாங்க. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட, பெட்ரோல் பங்க்ல நீள க்யூ. 1974-ஓட சாலஞ்சர் காலி. மஸ்டாங் பிழைச்சுக்கிட்டது, ஆனா பழைய மிடுக்கு போச்சு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 1970-ல் பதினெட்டு வயசுப் பையன், ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கிட்டு சாலஞ்சரைப் பார்க்கிறான். பாக்கெட்ல காசு இல்லை. 2008-ல் அவருக்கு 56 வயசு. வீட்டுக் கடன் முடிஞ்சாச்சு, பசங்க வேலைக்குப் போயாச்சு, பேங்க்ல பணம் இருக்கு. அதே மூக்கோட அதே கார் திரும்பி வந்தா அவர் விலையைப் பார்ப்பாரா?

கம்பெனிகள் குறிவெச்சது இவரைத்தான். நம்மளை இல்லை பாஸ்! அன்னைக்கு இளைஞர்களுக்காகச் செஞ்ச காரை, அந்த இளைஞர்களுக்கு வயசான பிறகு அவங்களுக்கே திரும்ப விக்கிறாங்க. இந்த ஐடியாவைப் பாராட்டுறதா, பொறாமைப்படுறதான்னு எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியலை.

ஆரம்பிச்சு வெச்சது மஸ்டாங்

2005 மாடல் மஸ்டாங்கில் ஃபோர்டு அப்படியே அறுபதுகளின் முகத்தைக் கொண்டுவந்தது. அதோட தலைமை இன்ஜினீயர் ஹாவ் தாய்-டாங், வியட்நாமின் சைகோன் நகரில் பிறந்தவர். அமெரிக்க வீரர்களை உற்சாகப்படுத்த அங்கே கொண்டுவரப்பட்ட ஒரு மஸ்டாங்கைச் சின்னப் பையனா பார்த்தவர். 1975-ல் குடும்பத்தோட அமெரிக்கா வந்து, பிற்பாடு அதே காரை உருவாக்கும் டீமுக்குத் தலைவரானார். சினிமாவில் வெச்சா நம்ப மாட்டோம்!

வி6 மாடல் 20 ஆயிரம் டாலருக்குள்ளேயே கிடைத்தது. 2005-ல் மட்டும் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் வித்தது. எண்ணிக்கை தாராளம் என்பதால் சாதா மாடலில் டீலர்கள் ரொம்ப ஆட முடியலை. 2007 மாடலா ஷெல்பி ஜி.டி.500 வந்ததும் நிலவரம் மாறிப்போச்சு. 500 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர், கேரல் ஷெல்பியின் பேர். ஸ்டிக்கர் விலை சுமார் 41 ஆயிரம் டாலர். டீலர்கள் அதுக்கு மேல 20 ஆயிரம் வரைக்கும், சில இடங்களில் அதுக்கும் மேல கேட்டாங்க. கொடுக்கவும் ஆள் இருந்தது.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையிலேயே செம சீன். 2008 டாட்ஜ் சாலஞ்சர் எஸ்.ஆர்.டி.8. 6.1 லிட்டர் ஹெமி இன்ஜின், 425 குதிரைத்திறன். விலை சுமார் 38 ஆயிரம் டாலர். அமெரிக்காவுக்கு மொத்தமே 6,400 கார். ஆரஞ்சு, கறுப்பு, சில்வர்னு மூணே கலர். கியர் பாக்ஸ் ஆட்டோமேட்டிக் மட்டும். கனடாவின் பிராம்ப்டன் ஃபேக்டரியில் உற்பத்தி சூடுபிடிக்கும் முன்னாலேயே எல்லாம் புக் ஆகிப்போச்சு. முதல் கார் ஏலத்தில் 4 லட்சம் டாலருக்குப் போனது. அது தர்மக் காரியத்துக்கான ஏலம்தான், ஆனா அந்த எண் எல்லா டீலர் காதிலும் விழுந்தது!

கவனிங்க, அது எந்த வருஷம்? 2008. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலன் 4 டாலருக்கு மேல. அந்த நேரத்தில் பெட்ரோல் குடிக்கும் காருக்கு ஸ்டிக்கருக்கு மேல பணம் கொடுக்க க்யூ! பொருளாதாரப் புத்தகத்தில் இருக்கும் சப்ளை-டிமாண்ட் கோடெல்லாம் சரிதான். ஆனா சின்ன வயசு ஏக்கத்துக்கு மைலேஜ் கணக்கு தெரியாது.

யார் பாக்கெட்டுக்குப் போகுது?

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த விஷயம் இது. அந்தக் கூடுதல் 20 ஆயிரத்தில் கம்பெனிக்கு ஒரு பைசாகூடப் போகாது. அமெரிக்க மாநிலங்களில் டீலர்களைப் பாதுகாக்கும் சட்டங்கள் இருக்கு. டீலர்களை வெச்சு விக்கிற கம்பெனி, அவங்களைத் தாண்டி நேரடியாக ஜனங்களுக்கு விக்க முடியாது. கம்பெனி காரை டீலருக்கு விக்கும். அதோட அதன் வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் கார் டீலரோடது.

டீலர் தரப்பைக் கேட்டா அவங்ககிட்டயும் ஒரு நியாயம் இருக்கு. "வருஷம் பூரா சாதாரண கார்களைத் தள்ளுபடியில தள்ளிவிடறோம். அப்போ யாரும் அய்யோ பாவம்னு ஸ்டிக்கர் விலையைக் கொடுக்கிறதில்லையே? ஒரே ஒரு கார் எங்க கைக்கு நல்லபடியா சிக்குது. அதுலயும் சம்பாதிக்கக் கூடாதா?" இதுதான் அவங்க வாதம். யோசிச்சா தப்புன்னு சொல்ல வாய் வரலை. ஆனா மனசு ஒப்புதா?

ஒப்பலைன்னு ஒரு ஆராய்ச்சியே சொல்லுது. 1986-ல் வெளியான அந்த ஆராய்ச்சிக்காக டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர்னு மூணு பேர் கனடாவில் ஜனங்களுக்கு போன் போட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு கார் மாடலுக்குத் தட்டுப்பாடு, ரெண்டு மாசம் காத்திருக்கணும். இதுவரை ஸ்டிக்கர் விலைக்கு வித்த டீலர் இப்போ 200 டாலர் கூட்டிட்டார். நியாயமா? 71 சதவிகிதம் பேர் அநியாயம்னு சொன்னாங்க. கேள்வியை லேசா மாத்தினாங்க. இதுவரை 200 டாலர் தள்ளுபடி கொடுத்தவர், இப்போ தள்ளுபடியை நிறுத்திட்டு ஸ்டிக்கர் விலைக்கே விக்கிறார். 58 சதவிகிதம் பேர் "பரவாயில்லை"ன்னாங்க!

ரெண்டிலும் பாக்கெட்ல இருந்து கூடுதலாப் போறது அதே 200 டாலர். ஆனா தள்ளுபடி போனா தாங்கிக்கிறோம், ஸ்டிக்கரைத் தாண்டினா கொதிக்கிறோம். கானமன் 2002-லயும் தேலர் 2017-லயும் நோபல் வாங்கினவங்க. தலைவர் பட முதல் நாள் டிக்கெட்டை பிளாக்ல வாங்கின யாருக்கும் இந்த வயித்தெரிச்சல் நல்லாவே புரியும்.

அப்போ கம்பெனியே விலையை ஏத்திடலாமேன்னு கேட்கலாம். ஏத்தினா, ஆசை அடங்கினதும் இறக்கணும். இறக்கினா மானம் போகும். நிறைய உற்பத்தி செஞ்சா? அதுக்கும் உதாரணம் இருக்கு. ஐம்பதுகளின் முகத்தோட ஃபோர்டு கொண்டுவந்த 2002 தண்டர்பேர்டு. மஸில் கார் இல்லை, ஆனா அதே ரெட்ரோ ஃபார்முலா. ஒரு ஸ்பெஷல் எடிஷன் 200 காரும் ரெண்டேகால் மணி நேரத்தில் வித்துத் தீர்ந்தது. டீலர்கள் ஸ்டிக்கருக்கு மேல ஏத்தி வித்தாங்க. ஆசைப்பட்டவங்க எல்லாரும் வாங்கி முடிச்சதும் அடுத்து வாங்க ஆளில்லை. 2005-ல் மூடுவிழா.

முதல்ல ஓடினவர் கதி

2008 சாலஞ்சரை அடிச்சுப் பிடிச்சு வாங்கினவருக்கு என்ன ஆச்சு? அடுத்த மாடல் வருஷத்திலேயே டாட்ஜ் கதவைத் திறந்துவிட்டது. அதே உடம்போட வி6 சாலஞ்சர் சுமார் 22 ஆயிரம் டாலருக்கு, 5.7 லிட்டர் ஹெமி சுமார் 30 ஆயிரத்துக்கு. போதாக்குறைக்கு எல்லாரும் ஏங்கின ஆறு கியர் மேனுவலும் வந்தது! அதுக்குள்ள 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. 2009 ஏப்ரலில் கிரைஸ்லரே திவால் கோர்ட்டுக்குப் போனது. ஜூன் 1-ல் ஜெனரல் மோட்டார்ஸ்.

கூடுதல் பணத்தைக் கையிலிருந்து கொடுத்தவர்கூடப் பரவாயில்லை. அதையும் சேர்த்துக் கடன் வாங்கினவர் பாடுதான் திண்டாட்டம். காரோட மதிப்பு கீழே, கடன் மேலே. கார் நொறுங்கிப்போனா இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது அன்னைய மார்க்கெட் மதிப்பை மட்டும். 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' வரிக்கு அங்கே மரியாதை கிடையாது.

கமேரோ மட்டும் விவரம். 2007-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் பம்பிள்பீயா நடிச்சு, கடைக்கு வரும் முன்னாலேயே நம்ம ஊர் பசங்க வரைக்கும் ஃபேமஸ் ஆயிடுச்சு. கம்பெனி திவாலாகுற நேரத்தில், 2009-ல் விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 23 ஆயிரத்திலிருந்து ஆரம்பம், அதுக்கே 304 குதிரைத்திறன் வி6. 2010-ல் 81 ஆயிரத்துக்கு மேல வித்து மஸ்டாங்கைப் பின்னுக்குத் தள்ளியது. பழைய முகம் பெரியவங்களை இழுத்தது, மஞ்சள் ரோபோ சின்னவங்களை இழுத்தது.

பேய்க்கு ஒரு பூட்டு

டீலர்களை அடக்க டாட்ஜ் பிற்பாடு ஒரு வழி கண்டுபிடிச்சது. 2018 சாலஞ்சர் டீமன். 840 குதிரைத்திறன், மொத்தம் 3,300 கார், விலை சுமார் 85 ஆயிரம் டாலர். டிராக் ரேஸுக்கான கார் என்பதால் டிரைவர் சீட் மட்டும்தான். பக்கத்து சீட் வேணும்னா ஒரு டாலர், பின் சீட்டுக்கு இன்னொரு டாலர். (நிஜமாவே ஒரு டாலர்தாங்க!) விதி என்னன்னா, ஸ்டிக்கர் விலைக்கோ அதுக்குக் கீழேயோ வித்த கார்களை ஃபேக்டரி முதல்ல செய்யும். ஏத்தி வித்தா உங்க கார் வரிசையில் கடைசி. விலையைச் சட்டப்படி கட்டுப்படுத்த முடியாட்டி என்ன, க்யூவை ஆளலாமே! இந்த மூளை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனாலும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி டீமனுக்கு விளம்பரம் கொடுத்த டீலர்கள் இருந்தாங்க. கடைசியா வந்தாலும் பரவாயில்லைன்னு நினைச்சிருப்பாங்க போல.

கொரோனாவுக்குப் பின் சிப் தட்டுப்பாடு வந்து, 2021, 22-ல் சாதாரண ஃபேமிலி கார் மேலகூட ரெண்டாவது ஸ்டிக்கர் ஏறியது. 2022 ஜனவரியில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் "ஏத்தி வித்தா கார் ஒதுக்கீட்டைக் குறைப்போம்"னு டீலர்களை எச்சரிச்சாங்க. அதுவரை மஸில் கார் பிரியர்களின் தனிப் புலம்பலா இருந்தது, அப்போதான் அமெரிக்கா முழுக்கக் கேட்டது.

2023 டிசம்பரில் கமேரோவும் ஹெமி சாலஞ்சரும் உற்பத்தி நின்றன. போகும் முன் டாட்ஜ் ஒரு கடைசி வெடி போட்டது. டீமன் 170. 1,025 குதிரைத்திறன், விலை 96,666 டாலர், அதே 3,300 கார். அதே விதி, ஸ்டிக்கர் விலைக்கு வித்தவர்களுக்கே முதலிடம். வாங்கினதில் எத்தனையோ கார்கள் ரோட்டைப் பார்க்காமல், சீட் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல், கராஜில் போர்வைக்குள் நிற்கின்றன, 2050 ஏலத்துக்காக. 1970-ல் ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டின பையன் ஆசைப்பட்டது என்னவோ ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கத்தான்.